எமுலேட்டர் நினைவகப் பிழை: 8 வேறு, 1455 வேறு

கேள்வி: என் விண்டோஸ் மடிக்கணினியில் 8 ஜிபி ராம் இருக்கிறது. ஆண்ட்ராய்டு எமுலேட்டரை (கணினிக்குள் மெய்நிகர் போனை ஓட்டும் மென்பொருள்) தொடங்கினால் 'ஃபெயில்ட் டு அலோகேட் மெமரி: 1455' என்று வந்து நின்றுவிடுகிறது. ராமில் 2 ஜிபிக்கு மேல் காலியாக இருக்கிறதே, ஏன் இப்படி? நண்பரின் பழைய கணினியில் இதே பிழை 8 என்ற எண்ணோடு வருகிறது.

பதில்: அந்த எண் விண்டோஸ் தரும் பிழைக் குறியீடு. அதை வைத்தே சிகிச்சை மாறும்.

1455 என்றால் 'கமிட்' வரம்பு, அதாவது நிரல்களுக்குத் தருவதாக விண்டோஸ் உறுதியளிக்கக்கூடிய மொத்த நினைவகம், தீர்ந்துவிட்டது. ராமும் பேஜ் ஃபைலும் (ராமுக்குத் துணையாக வட்டில் விண்டோஸ் வைத்திருக்கும் கோப்பு) சேர்ந்த அளவுதான் அந்த வரம்பு. எமுலேட்டர் மெய்நிகர் போனுக்கான ராம் முழுவதையும் தொடக்கத்திலேயே கேட்கும். மற்ற நிரல்கள் கேட்டு வாங்கிப் பயன்படுத்தாமல் வைத்திருக்கும் நினைவகத்தையும் விண்டோஸ் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். காலி ராம் இருந்தும் மறுப்பு வருவது இதனால்தான். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், மெமரி என்று போய் 'கமிட்டெட்' எண்ணைப் பாருங்கள். 9.6/10.2 என்றிருந்தால் மிச்சம் 0.6 ஜிபிதான். அதில் 2 ஜிபி போன் எப்படி நுழையும்?

முதலில் டாஸ்க் மேனேஜரின் டீடெயில்ஸ் பகுதியில் 'க்யூஎம்யூ' (qemu) என்று தொடங்கும் எமுலேட்டரின் பழைய புராசஸ் தங்கியிருக்கிறதா பாருங்கள். முந்தைய முயற்சி அரைகுறையாக நின்றிருந்தால் அது இன்னும் நினைவகத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும், முடித்துவிடுங்கள். செயலியை உருவாக்கும் கிரேடில் கருவி பின்னணியில் விட்டுவைக்கும் 'டீமன்' புராசஸ்கள் சும்மா கிடந்தால் அவற்றையும் நிறுத்துங்கள்.

அடுத்தது பேஜ் ஃபைல். வேகம் கூடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அதை அணைத்து வைத்திருப்பவர்கள் பலர். இந்தப் பிழை வர அதுவே நேர்வழி. அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ், பெர்ஃபார்மன்ஸ், அட்வான்ஸ்டு, விர்ச்சுவல் மெமரி என்று போய் 'சிஸ்டம் மேனேஜ்டு' என வையுங்கள். வட்டில் இடமில்லாவிட்டால் அது வளராது, எனவே 10 ஜிபியாவது காலியாக விடுங்கள். பிறகு ரீஸ்டார்ட்.

அப்படியும் தொடங்காவிட்டால் போனின் ராமைக் குறையுங்கள். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவின் டிவைஸ் மேனேஜரில் எடிட் போய் 2048 அல்லது 1536 எம்பி கொடுக்கலாம். பிளே ஸ்டோர் உள்ள சில சாதனங்களில் அந்தப் பெட்டி மங்கலாக, மாற்ற முடியாதபடி இருக்கும். அப்போது பயனர் கோப்புறைக்குள் '.ஆண்ட்ராய்டு', அதற்குள் 'ஏவிடி', அதற்குள் அந்தப் போனின் கோப்புறையில் உள்ள கான்ஃபிக் கோப்பைத் திறந்து 'ராம்சைஸ்' வரியை மாற்றுங்கள். 512 என்று போட்டுப் பயனில்லை: போனில் ஓடுவது புதிய ஆண்ட்ராய்டு பதிப்பின் இமேஜ் என்றால் எமுலேட்டர் தானாகவே அதை உயர்த்திவிடும். மாற்றிய பின் 'கோல்டு பூட்' செய்யுங்கள், அதாவது சேமித்த நிலையிலிருந்து (ஸ்னாப்ஷாட்) அல்லாமல் போனைப் புதிதாகத் தொடங்குங்கள். பழைய ஸ்னாப்ஷாட் பழைய ராம் அளவில் சேமிக்கப்பட்டது.

பக்கத்திலேயே இருக்கும் 'விஎம் ஹீப்' எண்ணைத் தொட வேண்டாம். அது போனுக்குள் ஓடும் ஒவ்வொரு செயலிக்குமான வரம்பு. குறைத்தால் உங்கள் செயலிதான் முடங்கும், இந்தப் பிழை போகாது.

நண்பரின் 8 பெரும்பாலும் பழைய 32 பிட் எமுலேட்டரில் வருவது. அங்கே ஒரு புராசஸுக்குப் பொதுவாகக் கிடைக்கும் முகவரி இடமே (அது எட்டக்கூடிய நினைவக அளவு) 2 ஜிபி. அதற்குள் போனுக்கு வேண்டிய ராம், உதாரணமாக 1024 எம்பி, ஒரே தொடர்ச்சியாகக் கிடைக்காமல் போகும்போது பிழை எழுகிறது, எனவே எத்தனை ராம் வாங்கிப் போட்டாலும் தீராது. ராம் அளவை 512 ஆக்கினால் தொடங்கும். 64 பிட் விண்டோஸ் இருந்தால் எமுலேட்டரையே புதுப்பிப்பது நல்லது.