போர் போட்டும் திம்பம் ஏறாத கார்

கேள்வி: கார்புரேட்டர் மாருதி 800 வண்டிங்க. போர் போட்டு (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கி), 0.5 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன் மாற்றி, ஹெட் வேலையும் செய்து 900 கி.மீ. ஓட்டியாச்சு. புகை இல்லை, ஹீட்டும் ஆகவில்லை. ஆனால் திம்பம் மலைப்பாதையில் முன்பு இரண்டாவது கியரில் ஏறிய வளைவெல்லாம் இப்போது முதல் கியர் கேட்குது. கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) மூன்று சிலிண்டரிலும் சதுர செ.மீ.க்கு 8 கிலோ. பிஸ்டன் ரிங் சிலிண்டரோடு படிந்து உட்காரவில்லை, என்ஜினை மறுபடி இறக்கணும் என்கிறார்கள். இறக்கலாமுங்களா?

வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: அவசரப்பட வேண்டாம். ரிங் கோளாறு மூன்று சிலிண்டரிலும் பேசி வைத்தாற்போல் ஒரே அளவு காட்டுவது அபூர்வம்.

முதலில் அந்த 8 நிஜம்தானா என்று பாருங்கள். என்ஜின் சூட்டில், மூன்று பிளக்கையும் கழற்றி, காயில் வயரைப் பிடுங்கிவிட்டு, ஆக்ஸிலரேட்டரை அடிவரை மிதித்தபடி செல்ஃப் அடிக்க வேண்டும். மிதிக்காவிட்டால் காற்று உள்ளே போகாது. நல்ல என்ஜினும் குறைத்தே காட்டும். 11, 12 கிலோ வந்தால் கவலை இல்லை. அப்போதும் 8 என்றால், சிலிண்டருக்கு ஒரு டீஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். கேஜ் முள் நன்றாக எகிறினால் ரிங்தான். பெரிதாக அசையவில்லையா, கிராங்க்கையும் கேமையும் இணைக்கும் டைமிங் பெல்ட்டின் கவரைக் கழற்றி, இரண்டின் மார்க்கும் சேர்கிறதா பாருங்கள்.

வால்வுகளைத் திறந்து மூடுவது கேம். அது பெல்ட்டில் ஒரு பல் பின்தங்கினால் இன்லெட் வால்வு தாமதமாக மூடும். உறிஞ்சிய கலவையில் ஒரு பகுதி வந்த வழியே திரும்பிவிடும். மேட்டில் இழுவை போவது இதனால்தான். ஹெட்டின் அடிப்பரப்பை ஸ்கிம் செய்தாலும் (சீவினாலும்) கேம் கொஞ்சம் பின்தங்கும், ஆனால் ஒரு பல் அளவுக்கு அல்ல.

இந்த என்ஜினில் ஒரு ஏமாற்று வேலை உண்டு. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்றுவதே கேம்தான். கேம் தப்பினால் இக்னிஷனும் (பிளக் தீப்பொறி விடும் நேரமும்) தப்பும். மெக்கானிக் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி டைமிங் லைட்டுக்குச் சரிக்கட்டிவிடுவார்; கேம் தப்பியது வெளியே தெரியாது. அதன் போல்ட் நீள்துளையின் ஒரு ஓரத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறதா பாருங்கள். நின்றால் சந்தேகம் பாதி தீர்ந்தது.

மார்க் சேராவிட்டால் பெல்ட்டைக் கழற்றிச் சரியாக மாட்டுங்கள். மாட்டியபின் கிராங்க்கைக் கையால் அது ஓடும் திசையில் முழுதாக இரண்டு சுற்று சுற்றி, இரண்டு மார்க்கும் சேர்கிறதா என்று மறுபடி பார்க்க வேண்டும். பெல்ட் தொய்வாக இருந்தால் மாட்டும்போது சேர்ந்த மார்க், சுற்றியதும் ஒரு பல் நழுவிவிடும். பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான். பிறகு இக்னிஷன் டைமிங்கைப் புதிதாக வையுங்கள்.

வால்வு அரைத்திருந்தால் தண்டு மேலேறி டேப்பெட் இடைவெளி (வால்வுத் தண்டுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே உள்ளது) குறைந்திருக்கும். அதையும் ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்கள். 900 ஓடிவிட்டதால் ஆயிலும் ஃபில்டரும் இப்போதே மாற்றலாம்.