சொச்சத்தில் ஒருவர்

அன்புள்ள அக்கா,

அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரம் ஒரு பெரிய வாக்குவாதம். கொவிட்டால் இலங்கையில் இறந்தவர்கள் 16 ஆயிரத்துச் சொச்சம் என்கிறது அரசு. ஹார்ட் அட்டாக்கில் போனவரையும் பிசிஆர் எடுத்துக் கொவிட்டில் சேர்த்தார்கள், அதனால்தான் எண்ணிக்கை ஊதிப்போனது என்கிறார் ஒரு நண்பர். மூன்று மடங்கை மறைத்துவிட்டார்கள் என்கிறார் இன்னொருவர். போனவர்களில் பெரும்பாலானோர் ஏற்கெனவே வருத்தக்காரரான வயதானவர்கள்தானே என்பது என் எண்ணம். உங்கள் கருத்து என்ன? சுவீடனைப் போல நாட்டை மூடாமலே சமாளித்திருக்கலாமா?

க., வெள்ளவத்தை

அன்புள்ள தம்பி,

சுவீடனை விடுங்கள். வட கொழும்பில் புளூமெண்டால் பக்கம் ஒரே அறைக்குள் எட்டுப் பேர் படுத்தெழும்பும் வீட்டைப் பார்த்தவர் அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார். எண்ணிக்கைக்கு வருகிறேன். மார்கழி பிறந்தாலே எனக்கு அந்த நினைப்புத்தான். உங்கள் கடிதமும் சரியாக இந்த நேரம் பார்த்து வந்திருக்கிறது.

உங்கள் நண்பர்கள் இருவரும் கொவிட் என்று எழுதப்பட்ட சாவுகளை மட்டும் பிடித்துக்கொண்டு இழுபறிப்படுகிறார்கள். காரணத்தில் சண்டை பிடிக்கலாம், சாவில் பிடிக்க முடியாது. வழமையாக ஓராண்டில் எத்தனை பேர் இறப்பார்கள், தொற்றுக் காலத்தில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று பார்த்தால், வித்தியாசம்தான் மேலதிக மரணம். உலக சுகாதார நிறுவனம் 2022 மே மாதம் இந்தக் கணக்கை வெளியிட்டது. 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் உலகம் முழுவதும் ஏறத்தாழ 1 கோடியே 49 இலட்சம் பேர். நாடுகள் அறிவித்திருந்ததோ 54 இலட்சம். இந்தியா சொன்னது 4 இலட்சத்து 81 ஆயிரம், கணக்கில் வந்தது 47 இலட்சம். இந்தியா அதை ஏற்கவே இல்லை.

நம் நாட்டில் 2020இல் பதிவான மொத்த மரணங்கள் 2019ஐவிடக் குறைவு. ஊரடங்கில் வீதிகள் வெறிச்சோடின, விபத்துகள் குறைந்தன, ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவும் மற்றக் காய்ச்சல்களும் அடங்கின. 2021இல் அது ஏறியது. ஓகஸ்ட் கடைசியில், டெல்டா வகை வைரஸ் உச்சத்தில் இருந்தபோது, கொவிட்டில் மட்டும் ஒரு நாளைக்கு 200 பேருக்கு மேல் போனார்கள். வெறுமனே ஊதிய கணக்கென்றால், காரணம் பார்க்காமல் எண்ணும் மொத்தச் சாவு ஏன் ஏற வேண்டும்? இதை உங்கள் முதல் நண்பரிடம் கேளுங்கள்.

சரி, இனி உங்களைக் கொஞ்சம் ஏச வேண்டும். "வருத்தக்காரரான வயதானவர்கள்தானே" என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? மரணச் சான்றிதழில் காரணம் எழுத ஒரு முறை இருக்கிறது, தம்பி. கடைசியில் மூச்சை நிறுத்தியது எது, அதைக் கொண்டுவந்தது எது, அதற்கு முன்னால் எது என்று பின்னோக்கிப் போக வேண்டும். எங்கே தொடங்கியதோ அதுதான் காரணம். இருபது வருடமாகக் கூடவே இருந்த சீனி வருத்தமும் பிறஷரும் அதற்குக் கீழே, அடுத்த பகுதிக்குப் போகும். அந்தச் சீனியோடு அந்த மனிதர் இன்னும் பதினைந்து வருடம் இருந்திருப்பார். ஒரு 'தானே' போட்டு அந்தப் பதினைந்து வருடத்தையும் தள்ளிவிட்டீர்கள். 'சொச்சம்' என்றும் எழுதியிருக்கிறீர்கள். அரசின் கணக்கே 16,800ஐத் தாண்டுகிறது. நீங்கள் சொச்சம் என்றது எண்ணூறு வீட்டுக்கு மேல்.

எங்கள் பக்கத்து வீட்டு முஸ்லிம் நானாவும் வருத்தக்காரர்தான். கொட்டாஞ்சேனையில் முப்பது வருடம் தையல் வேலை. அவர் விரல் நுனியில் தையல் ஊசி ஏறிய புள்ளி எது, சீனி பார்க்கக் குத்திய புள்ளி எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. விடிய ஐந்தரைக்கு அவர் மெஷின் சத்தம் கேட்டுத்தான் நான் எழும்புவேன். 2020 ஒக்டோபர் கடைசியில் வட கொழும்பை மூடினார்கள். டிசம்பரில் அவருக்குக் காய்ச்சல், மூன்றாம் நாள் மூச்சு வாங்கியது. மகன் அம்புலன்ஸுக்குச் சொல்லப் போனான். "போனா எரிச்சிப் போடுவாங்க" என்று அவர் சொன்னது சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. அதற்கு அடுத்த நாள் மெஷின் சத்தம் இல்லாமலே விடிந்தது.

உடலைக் கொண்டுபோய்ப் பிசிஆர் எடுத்தார்கள். இரண்டு நாளில் பொசிட்டிவ் என்று வந்தது. எரித்தார்கள். மகன் எதிலும் கையெழுத்து வைக்கவில்லை, சாம்பல் வாங்கவும் போகவில்லை.

நானா எண்ணப்பட்டுவிட்டார். ஆனால் அதற்குப் பிறகு எங்கள் ஒழுங்கையில் காய்ச்சல் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து கதவைத் தட்டினால், இருமலை விழுங்கிக்கொண்டு "இங்கே எல்லாரும் சுகம்" என்றார்கள். நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான், தம்பி. நோயைச் சொல்லப் பயப்படும் சனத்திடமிருந்து சரியான கணக்கு வராது. ஆஸ்பத்திரியை நம்பியிருந்தால் பிழைத்திருக்கக்கூடியவர்கள் எத்தனை பேர் என்று எந்தப் பட்டியலும் சொல்லாது. அந்தப் பயத்தை உண்டாக்கியது வைரஸ் இல்லை. கொவிட்டில் இறந்தவரைப் புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சிலேயே சொல்லியிருந்தது. ஏப்ரலில் இங்கே எரிப்பதைக் கட்டாயமாக்கி வர்த்தமானி போட்டார்கள். நிலத்தடி நீர் கெட்டுவிடுமாம். டிசம்பர் முதலாம் திகதி உயர் நீதிமன்றம் அதற்கெதிரான மனுக்களைத் தள்ளுபடி செய்தது. புதைக்கலாம் என்று இலங்கை மருத்துவச் சங்கம் 2021 ஜனவரியில் சொன்ன பிறகும் எரித்தார்கள். அப்படி எரிக்கப்பட்ட முஸ்லிம்கள் 276 பேர். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. இவ்வளவையும் ஓரமாக வைத்துவிட்டு எண்ணிக்கை கூடவா குறையவா என்று சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டு வாதாட உங்களால் முடிகிறது, எனக்கு முடியவில்லை.

அடக்கத்துக்கு அனுமதி கொடுத்து வர்த்தமானி வந்தது 2021 பெப்ரவரி 25ஆம் திகதி இரவு. மறுநாள் காலை நான்தான் பக்கத்து வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். நானாவின் மனைவி ராத்தா, கணவன் இறந்த பின் வீட்டோடு இருக்கும் இத்தாவில் இருந்தார். நான்கு மாதம் பத்து நாளில் பாதிதான் கழிந்திருந்தது. உள் அறையில், வெள்ளைச் சாரியில், நானாவின் மெஷினுக்குப் பக்கத்தில் பாய் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "அந்தச் சாம்பல எங்க வெச்சிருப்பாங்க, தங்கச்சி? இப்பப் போய்க் கேட்டாத் தருவாங்களா?"