கணினிப் பொறியியலா, டூல் ரூமா? பத்தாம் வகுப்பு முடித்த மகனைப் பற்றிக் கேட்ட பெற்றோருக்கு

கரூரிலிருந்து எழுதியிருக்கும் பெற்றோருக்கு வணக்கம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகன் பத்தாம் வகுப்பில் கணக்கிலும் அறிவியலிலும் நல்ல மதிப்பெண்ணும் மொழிப் பாடங்களில் சுமாரான மதிப்பெண்ணும் எடுத்திருக்கிறான். பெங்களூரில் மென்பொருள் நிறுவனத்தில் இருக்கும் அவனுடைய பெரியப்பா மகனைக் காட்டி, இவனையும் உண்டு உறைவிடப் பள்ளியில் இரண்டு வருடம் சேர்த்து, பிறகு நிர்வாக ஒதுக்கீட்டிலாவது கணினிப் பொறியியலில் இடம் வாங்கிவிட வேண்டும் என்று சொந்தபந்தங்கள் எல்லோரும் சொல்கிறார்கள். அதற்காக ஊரில் இருக்கும் நிலத்தை அடமானம் வைக்க ஏற்பாடு நடக்கிறது. பையனிடம் கேட்டால் பதில் பேசுவதில்லை. பள்ளி விட்டதும் தெருமுனை லேத் பட்டறையில் போய் நின்றுகொள்கிறான், கூப்பிட்டால்தான் வீட்டுக்கு வருகிறான் என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். எந்தப் படிப்பு படித்தால் இவன் வேலையிலும் வாழ்க்கையிலும் நிம்மதியாக இருப்பான் என்பதே உங்கள் கேள்வி.

கவலைப்படாதீர்கள், எல்லாம் நல்லபடியாக முடியும் என்று எழுதி உங்களை அனுப்பிவிடலாம். அப்படிச் செய்ய எனக்கு மனம் ஒப்பவில்லை. நீங்கள் கேட்டிருக்கும் கேள்வி சரியானது. அதற்கு விடையாக நீங்கள் போட்டு வைத்திருக்கும் திட்டம்தான் தவறானது. நிம்மதியைக் கேட்டுவிட்டுச் சம்பளத்துக்கும் கௌரவத்துக்கும் வழி தேடுகிறீர்கள். இவை இரண்டும் ஒன்றாகவே வந்து சேரும் என்று நம் வீடுகளில் பேச்சுக்குப் பேச்சு சொல்லப்படுகிறது. வேலை செய்பவர்களின் மனநிலையை ஆராய்ந்தவர்கள் கண்டது அப்படி இல்லை.

சம்பளத்திலிருந்தே தொடங்குகிறேன். திமதி ஜட்ஜ் என்ற அமெரிக்கப் பேராசிரியரும் உடன் ஆய்வாளர்களும் 92 வெவ்வேறு மாதிரிகளில் செய்யப்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2010-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வாங்கும் சம்பளத்துக்கும் வேலையில் கிடைக்கும் மனநிறைவுக்கும் இடையே அவர்கள் கண்ட தொடர்பின் அளவு 0.15 மட்டுமே. முழுத் தொடர்பு இருந்தால் அந்த எண் 1 ஆக இருக்கும், தொடர்பே இல்லையென்றால் 0 ஆக இருக்கும் என்பதை வைத்து நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். சம்பளம் முக்கியம் இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. வீட்டு வாடகையும் மருத்துவச் செலவும் கட்ட முடியாதவனிடம் மனநிறைவைப் பற்றிப் பேசுவது பாவம். ஆனால் கூடுதல் சம்பளத்தை மட்டும் நம்பி ஒரு பிள்ளையின் அடுத்த நாற்பது வருடங்களைத் தீர்மானிக்க அந்த எண் போதாது.

வேலையில் இருக்கும் மனநிலை வேலையோடு நின்றுவிடுவதும் இல்லை. 1989-ல் வெளியான ஓர் ஆய்வு, ஏறத்தாழ இருபதாயிரம் பேரைப் பற்றிய முந்தைய ஆய்வுகளைத் தொகுத்து, வேலையில் நிறைவுக்கும் வாழ்க்கையில் நிறைவுக்கும் இடையிலான தொடர்பு 0.44 என்று கணக்கிட்டது. சம்பளத்துக்குக் கிடைத்த எண்ணைப் போல் இது கிட்டத்தட்ட மூன்று மடங்கு. பட்டறையிலோ அலுவலகத்திலோ பத்து மணி நேரம் கசந்துபோய் வருகிறவன் அந்தக் கசப்பை வாசற்படியில் செருப்போடு சேர்த்துக் கழற்றி வைப்பதில்லை. மனைவியிடம் பேசும் பேச்சிலும், பிள்ளையைத் தூக்கும் விதத்திலும், இரவுத் தூக்கத்திலும் அது தெரியும்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தத் தொடர்பு இரண்டு பக்கமும் ஓடுகிறது. மேலே சொன்ன ஜட்ஜும் வாட்டனாபே என்ற ஆய்வாளரும் 1993-ல் வெளியிட்ட ஆய்வில், வேலை வாழ்க்கையைப் பாதிப்பதைவிட, வாழ்க்கையைப் பற்றி ஒருவருக்கு ஏற்கனவே உள்ள மனநிறைவு அவருடைய வேலை மனநிலையைக் காலப்போக்கில் அதிகமாகப் பாதிப்பதாகத் தெரிந்தது. அதற்கு முன் 1985-ல் ஸ்டா, ராஸ் என்ற இருவர், ஐந்தாயிரத்துக்கும் மேற்பட்ட நடுவயது ஆண்களைப் பற்றிய தரவுகளைப் பார்த்து, முதலாளியும் வேலையும் மாறிய பிறகும் வேலையைப் பற்றிய ஒருவரின் மனப்பாங்கு பெரும்பாலும் பழையபடியே தொடர்வதைக் கண்டார்கள். ஆகவே சரியான படிப்பில் சேர்த்துவிட்டால் மட்டும் உங்கள் மகன் மகிழ்ச்சியான மனிதன் ஆகிவிடுவான் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். எந்த ஆலோசகரும் கொடுக்கக் கூடாது. ஆனால் இதே முடிவுகளை வைத்துத்தான் உறைவிடப் பள்ளித் திட்டத்தை நான் கடுமையாக எதிர்க்கிறேன். இப்போதே வாய் மூடிவிட்ட ஒரு பதினைந்து வயதுப் பையனை அதிகாலையிலிருந்து இரவு வரை தேர்வுத்தாள் எழுத வைத்து, பிடிக்காத ஒன்றை இரண்டு வருடமும் பிறகு நான்கு வருடமும் சகித்துக்கொள்ளப் பழக்கினால், அவன் முதல் வேலைக்குள் கொண்டு நுழைவது அந்தச் சலிப்பைத்தான். வேலைக்குப் போன பின் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கைக்கு ஆய்வுகளில் ஆதாரம் குறைவு.

வேலையின் உள்ளடக்கத்தில் எது மனநிறைவைத் தருகிறது என்பதற்கும் நல்ல விடை இருக்கிறது. ஹேக்மன், ஓல்டம் என்ற இருவர் 1976-ல் எழுதிய கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. பலவகைத் திறமைகள் தேவைப்படுவது, ஒரு பொருளை முதலிலிருந்து கடைசிவரை தானே செய்து முடிப்பது, செய்தது மற்றவர்களுக்குப் பயன்படுவது, எப்படிச் செய்வது என்று தானே முடிவெடுப்பது, செய்தது சரியா தவறா என்பது வேலையிலிருந்தே தெரிந்துவிடுவது ஆகிய ஐந்தும் ஒரு வேலையில் எவ்வளவு இருக்கின்றன என்று அவர்கள் பார்த்தார்கள். இவை அதிகமாக உள்ள வேலையில் மனநிறைவும் அதிகமாக இருந்தது. கற்றுக்கொள்ளும் ஆசை உள்ளவர்களிடம் இவற்றின் விளைவு இன்னும் அதிகம். உங்கள் மகன் ஏன் லேத் பட்டறையில் போய் நிற்கிறான் என்பதற்கு எனக்கு இங்கே விடை கிடைத்துவிடுகிறது. அவன் ஊர் சுற்றவில்லை. தன் மனதுக்கு ஏற்ற வேலை எது என்று தானாகவே கண்டுபிடித்துவிட்டான்.

பதினோராம் வகுப்பில் எந்தப் பிரிவு, எந்த நுழைவுத்தேர்வு என்பதையெல்லாம் உங்களுக்கு ஆயிரம் பேர் சொல்லியிருப்பார்கள். அவற்றை விட்டுவிட்டு, ஒருவரும் சொல்லாத ஒரு வழியை விரிவாகச் சொல்கிறேன். அது டூல் அண்ட் டை மேக்கிங் டிப்ளமோ.

உங்கள் வீட்டில் இருக்கும் மிக்ஸியின் மூடி, ஸ்கூட்டரின் பெட்ரோல் டேங்க், தண்ணீர்க் குழாயின் பிளாஸ்டிக் இணைப்பு, சுவிட்ச் பெட்டி, பேனா மூடி எதுவாக இருந்தாலும், அதை லட்சக்கணக்கில் அச்சாக வார்க்கவோ தகட்டிலிருந்து வெட்டி எடுக்கவோ முதலில் ஓர் எஃகு அச்சு வேண்டும். பிளாஸ்டிக்குக்கானதை மோல்டு என்றும், தகட்டுக்கானதை டை என்றும் சொல்வார்கள். அந்த அச்சைச் செய்கிறவர்கள் இருக்கும் இடம் டூல் ரூம். கோவை, ஓசூர், அம்பத்தூர், ஸ்ரீபெரும்புதூர் எங்கும் தொழிற்சாலைகளுக்குப் பின்னால் இவர்கள் இருக்கிறார்கள்.

படிப்பு பத்தாம் வகுப்புக்குப் பிறகு பொதுவாக நான்கு வருடம்; தொழிற்சாலைப் பயிற்சியும் அதற்குள் அடங்கும். திண்டுக்கல்லில் இதற்கென்றே ஓர் அரசு நிறுவனம் இருக்கிறது. கரூரிலிருந்து அது தொலைவும் இல்லை. 1968-ல் ஐதராபாத்தில் தொடங்கப்பட்டு, இப்போது மத்திய அரசின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் அமைச்சகத்தின் கீழ் இயங்கும் மத்தியக் கருவி வடிவமைப்பு நிறுவனத்துக்குச் சென்னைக் கிண்டியில் கிளை உண்டு. 1959-ல் தலச்சேரிக்கு அருகே நெட்டூரில் சுவிட்சர்லாந்து உதவியுடன் தொடங்கிய என்.டி.டி.எஃப். (நெட்டூர் தொழில்நுட்பப் பயிற்சி அறக்கட்டளை) இந்தத் துறையில் மதிக்கப்படும் பெயர்.

முதல் வருடம் பெரும்பாலும் கைவேலைதான். வைஸ் என்ற பிடிப்புக் கருவியில் ஓர் இரும்புத் துண்டைப் பிடித்து, அரத்தால் ராவி ராவி, ஆறு பக்கமும் சமமாகவும் மூலைகள் செங்கோணமாகவும் வரும்வரை நாள்கணக்கில் நிற்க வேண்டும். மட்டத்தை அதன்மேல் வைத்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பார்கள். இடையில் வெளிச்சம் கசிந்தால் மறுபடியும் ராவ வேண்டும். பல பையன்கள் இங்கேயே மனம் தளர்ந்துவிடுகிறார்கள். தளராதவன் பிறகு லேத், மில்லிங், சர்ஃபேஸ் கிரைண்டிங், கணினி கட்டுப்படுத்தும் சி.என்.சி. இயந்திரம் என்று ஒவ்வொன்றாக ஏறுகிறான். தாமிரத்தில் ஓர் எலெக்ட்ரோடு செய்து, எண்ணெய்க்குள் மூழ்கிய கடின எஃகை மின்பொறியால் அரித்து வடிவம் எடுக்கும் ஈ.டி.எம். இயந்திரத்தையும், கால் மில்லிமீட்டர் பித்தளைக் கம்பியால் எஃகை அறுக்கும் வயர்-கட் இயந்திரத்தையும் கற்றுக்கொள்கிறான்.

இதில் இருக்கும் கணக்கு பள்ளிக் கணக்கைவிடக் குறைந்தது என்று நினைக்க வேண்டாம். ஒரு மில்லிமீட்டர் இரும்புத் தகட்டை வெட்டும் டையில், மேலிருந்து இறங்கி வெட்டும் பஞ்ச் (punch) என்ற எஃகுத் துண்டுக்கும் டைக்கும் இடையே ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 0.05 மில்லிமீட்டர் இடைவெளி விடுவார்கள். தலைமுடியின் தடிமன் பெரும்பாலும் அதைவிட அதிகம். இடைவெளி கூடினால் வெட்டிய ஓரத்தில் பிசிறு நிற்கும், குறைந்தால் பஞ்ச் சீக்கிரம் தேய்ந்துபோகும். பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் ஆறும்போது நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்குவரை சுருங்கும் என்பதால், மோல்டைப் பொருளைவிடப் பெரிதாகச் செய்ய வேண்டும். எல்லாம் முடிந்ததும் அச்சின் ஒரு பாதியில் நீல மையைப் பூசி மற்றொரு பாதியோடு மூடித் திறந்து, எங்கே நீலம் ஒட்டியிருக்கிறது, எங்கே ஒட்டவில்லை என்று பார்த்து, ஒட்டாத இடம் சேரும்வரை கையால் தேய்த்துச் சரிசெய்வார்கள். பிறகு ட்ரையல். மெஷினிலிருந்து முதல் பீஸ் வெளியே விழும்போது, அதன் ஓரத்தில் ஃபிளாஷ், அதாவது அச்சின் இடுக்கில் கசிந்த பிளாஸ்டிக், நிற்கிறதா, பிளாஸ்டிக் ஓடாமல் மூலை குறைந்திருக்கிறதா என்று செய்தவனே எடுத்துப் பார்க்கிறான். மேலதிகாரி மதிப்பெண் போட வேண்டியதில்லை. சரியா தவறா என்பதை அந்தத் துண்டே அவனுக்குச் சொல்லிவிடும். நான் மேலே சொன்ன ஐந்தும் இந்த ஒரே வேலைக்குள் இருப்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். வேறு வேலைகளில் இவ்வளவு நிறைவாக இவை சேர்ந்து வருவதை நான் அதிகம் பார்த்ததில்லை.

குறைகளும் உண்டு. நாள் முழுவதும் நின்றே வேலை. கையில் எண்ணெய், காற்றில் கூலன்ட் என்ற குளிர்விக்கும் திரவத்தின் வாடை. ட்ரையல் தேதி நெருங்கினால் இரவு ஷிஃப்ட் வரும். பயிற்சிக் காலத்தில் உதவித்தொகைதான். முதல் சில வருடச் சம்பளம் பெரியப்பா மகனின் சம்பளத்துக்குப் பக்கத்தில்கூட வராது. சிறு பட்டறைகளில் வருங்கால வைப்பு நிதி பிடிக்காதவர்களும் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில் தொடர்ந்து வேலை பார்க்கக் கூடாது. கை தேர்ந்த டூல் மேக்கருக்கு வேலை தேடி அலையும் நிலை வருவது அரிது என்பது இந்தக் குறைகளை ஓரளவு ஈடுசெய்கிறது.

டிகிரி இல்லாவிட்டால் நாளைக்குப் பெண் கொடுப்பார்களா என்று அவன் அம்மா கேட்டிருக்கிறார். அம்மா, டிப்ளமோ முடித்தவர்கள் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். அவனுக்கு விருப்பம் இருந்தால் இருபது வயதில், வேலையும் கற்று, தனக்கு எது வேண்டும் என்றும் தெரிந்தபிறகு பொறியியல் படிக்கட்டும். கதவு அடைபடவில்லை, உள்ளே போகும் வயது மட்டும் மாறுகிறது.

பணத்தைப் பற்றிப் பேசும்போது நான் தயவு காட்டப் போவதில்லை. அந்த நிலத்தை அடமானம் வைக்காதீர்கள். மேயர், ஆலன் என்ற இரு உளவியலாளர்கள் 1991-ல், ஒரு நிறுவனத்தில் மனிதர்கள் ஏன் தொடர்கிறார்கள் என்பதை மூன்றாகப் பிரித்தார்கள்: விரும்பித் தொடர்பவர்கள், கடமை உணர்வால் தொடர்பவர்கள், விட்டால் நஷ்டம் என்பதால் தொடர்பவர்கள். மூன்றாம் வகையினருக்கு மன அழுத்தமும் வேலைக்கும் குடும்பத்துக்கும் இடையிலான இழுபறியும் அதிகமாகக் காணப்படுகின்றன. தன் படிப்புக்காக அப்பாவின் நிலம் வங்கியில் இருக்கிறது என்று தெரிந்த பையன், எவ்வளவு மோசமான மேலாளர் வாய்த்தாலும் ராஜினாமா கடிதம் எழுத முடியாது. நீங்கள் அவனுக்கு வாங்கித் தரப்போவது நிம்மதி என்று நினைக்கிறீர்கள். அவன் கையில் கிடைப்பது மாதத் தவணை. அரசு நிறுவனத்தில் கட்டணம் மிகக் குறைவு. தனியார் அல்லது அறக்கட்டளை நிறுவனமானால் செலவு கூடும். அப்போதும் கையில் இருப்பதைக் கொண்டு சமாளிக்க முடியாத இடத்தில் சேர்க்க வேண்டாம்.

பெரியப்பா நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார் என்பதை ஏற்கிறேன். தன் மகனுக்குப் பலித்தது எல்லோருக்கும் பலிக்கும் என்று அவர் நம்புகிறார். ஆனால் அந்த அண்ணனுக்குக் கணினி பிடித்திருந்தது; இவனுக்கு இரும்பு பிடித்திருக்கிறது. குடும்ப விசேஷங்களில் அவர் கேட்டால், யோசித்துச் செய்கிறோம் அண்ணா என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுங்கள். விளக்கம் கொடுக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. பையன் காதில் விழும்படி ஒப்பிட்டுப் பேசுவதை மட்டும் யாருக்கும் அனுமதிக்காதீர்கள்.

இதே உறுதியோடு இன்னொன்றையும் சொல்கிறேன். என் கடிதத்தைக் காட்டி அவனை டூல் ரூமுக்குத் தள்ளவும் கூடாது. லேத் சுழல்வதை வேடிக்கை பார்ப்பது வேறு, எட்டு மணி நேரம் அரம் பிடிப்பது வேறு. சேர்க்கைக்கு விண்ணப்பிக்கும் முன் இரண்டு காரியம் செய்யுங்கள். தெருமுனைப் பட்டறைக்காரரிடம் பேசி, இயந்திரத்தில் கை வைக்கவிடாமல், வைஸும் அரமும் மட்டும் கொடுத்து இரண்டு வாரம் அவனை ஒரு துண்டை ராவச் சொல்லுங்கள். அவர் முகம் சுளித்தால் நீங்களே நேரில் போய்க் கேளுங்கள். பிறகு அவனையும் அழைத்துக்கொண்டு ஒரு வேலை நாளில் திண்டுக்கல்லுக்குப் போய், முன் அனுமதி பெற்று, பட்டறையைச் சுற்றிப் பார்த்து, கடைசி வருட மாணவர்கள் இரண்டு பேரிடம் அவனைத் தனியாகப் பேச விடுங்கள். திரும்பி வரும் பேருந்தில் நீங்கள் எதுவும் கேட்க வேண்டாம். ஒரு வாரம் கழித்து, அம்மா கேட்கட்டும். அவன் வேண்டாம் என்றால் என்னிடம் மறுபடியும் எழுதுங்கள், வேறு வழி பார்ப்போம். வேண்டும் என்றால், அதற்குள் பெரியப்பா உறைவிடப் பள்ளிக்கு முன்பணம் கட்டியிருந்தாலும், அதைத் திரும்பக் கேட்டு வாங்கிவிடுங்கள்.