பதில்: ஸ்கோபஸில் எச்-இன்டெக்ஸ் 5, கூகுள் ஸ்காலரில் 9 – எதைப் போடுவது?

டாக்டர், விண்ணப்பத்தில் எந்த எச்-இன்டெக்ஸைப் போடுவது என்று கேட்கிறீர்கள். (குறைந்தது 5 மேற்கோளாவது பெற்ற கட்டுரைகள் 5 இருந்தால் எச்-இன்டெக்ஸ் 5.) ஆய்வுக் கட்டுரைகளையும் அவற்றின் மேற்கோள்களையும் தொகுக்கும் தளமான ஸ்கோபஸில் உங்கள் பெயரில் இரண்டு ப்ரொஃபைல் இருப்பதாகச் சொல்கிறீர்கள். முதலில் அதைச் சரிசெய்யுங்கள். நம் இனிஷியல்தான் வில்லன். ஒரு கட்டுரையில் வெறும் எழுத்து, இன்னொன்றில் அப்பா பெயரை விரித்திருப்பீர்கள்; அதைக் குடும்பப் பெயரென்று எடுத்துக்கொண்டு கணினி வேறொரு ஆளை உருவாக்கிவிடும்.

ஸ்கோபஸில் ஆசிரியர் தேடலுக்குப் போய் இரண்டையும் டிக் செய்து, இணைக்கக் கோரிக்கை கொடுங்கள். சந்தா தேவையில்லை, இலவசக் கணக்கு போதும். அனுப்பும் முன் பட்டியலைப் பாருங்கள். அதே பெயருள்ள வேறொருவரின் கட்டுரை ஒட்டியிருந்தால் நீக்கிவிடுங்கள். பிறகு ஆர்சிட் எண்ணோடு, அதாவது ஆய்வாளருக்கான 16 இலக்க அடையாள எண்ணோடு, இணையுங்கள். இனி எல்லாக் கட்டுரையிலும் ஒரே பெயர் வடிவம்.

ஒரு ப்ரொஃபைலின் எச்-இன்டெக்ஸ் 5, மற்றதின் எச்-இன்டெக்ஸ் 3 என்றால், இணைத்தால் 5-உம் 3-உம் சேர்ந்து 8 ஆகாது. ஒன்றில் மேற்கோள்கள் 12, 10, 7, 6, 5. மற்றதில் 9, 8, 4, 3 என்று வையுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து இறங்கு வரிசையில் வைத்தால் ஆறாவது எண் 6, ஏழாவது 5. ஆக எச்-இன்டெக்ஸ் 6தான்.

கூகுள் ஸ்காலர் எண் பெரிதாக இருப்பது இயல்பு: ஆய்வேடு, ப்ரீபிரின்ட் (இதழில் வரும் முன்பே இணையத்தில் போடும் கட்டுரை), மாநாட்டுச் சுருக்கம் எல்லாவற்றிலிருந்தும் வரும் மேற்கோள்களை அது எண்ணும். மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் தளமான பப்மெட் எச்-இன்டெக்ஸே தருவதில்லை, அங்கே தேட வேண்டாம்.

விண்ணப்பத்தில் எந்தத் தளம் என்று கேட்கவில்லையென்றால் ஸ்கோபஸ் எண்ணைப் போட்டு, பார்த்த தேதியையும் எழுதுங்கள். சுயமேற்கோள் (உங்கள் கட்டுரையை நீங்களே மேற்கோள் காட்டுவது) நீக்கிய எண்ணும், சந்தா உள்ள கணக்கு என்றால், அங்கேயே கிடைக்கும். தேர்வுக்குழு கேட்டால் கையில் இருக்கட்டும்.