'லி' வந்தால் அட்வெர்ப் தானா?

கேள்வி: டீச்சர், கடைசியில் 'லி' வந்தால் அட்வெர்ப் என்றுதான் மனப்பாடம் செய்தோம். 'ஃப்ரெண்ட்லி' ஏன் அட்ஜெக்டிவ்?

பதில்: 'லி'யைக் கழற்றிவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். 'ஃப்ரெண்ட்' பெயர்ச்சொல். பெயர்ச்சொல்லோடு 'லி' சேர்ந்தால் பெரும்பாலும் பெயரடை, அதாவது அட்ஜெக்டிவ். காஸ்ட்லி, மதர்லி எல்லாம் அந்த வகை. 'ஸ்லோ' ஏற்கெனவே பெயரடை. அதோடு சேர்ந்தால்தான் ஸ்லோலி என்ற வினையடை, அதாவது அட்வெர்ப். 'டெய்லி'க்கு இரண்டு படகிலும் கால். டெய்லி பேப்பரில் பெயரடை, டெய்லி வருகிறான் என்னும்போது வினையடை.

கேள்வி: ரெஸ்யூமில் 'ஐ வொர்க் ஹார்ட்லி' என்று எழுதினேன். இன்டர்வியூவில் சிரித்துவிட்டார்கள்.

பதில்: பின்னே, தம்பி! படிப்பவருக்கு 'வேலையே செய்வதில்லை' என்றல்லவா படும். உழைப்பைச் சொல்ல 'ஹார்ட்' போதும், அதுவே வினையடையும்தான். பழைய ஆங்கிலத்தில் இப்படிப்பட்ட வினையடைகளுக்குக் கடைசியில் 'எ' என்றொரு ஓசை இருந்தது. அது தேய்ந்து உதிர்ந்ததும் ஹார்ட், ஃபாஸ்ட் போன்றவை பெயரடையோடு ஒரே உருவமாகிவிட்டன. 'லேட்லி'யும் இதே வம்புதான். அதற்கு 'சமீபமாக' என்று பொருள், பஸ் 'லேட்'டாகத்தான் வரும்.

கேள்வி: 'சாம்பார் மணமாக இருக்கிறது.' 'ஆக' வந்தால் வினையடை. அப்படியானால் 'ஸ்மெல்ஸ் நைஸ்லி' சரிதானே?

பதில்: தமிழே நம் காலை வாரிவிடும் இடம் இது. என் வகுப்பில் அதிகம் திருத்தியதும் இதைத்தான். 'அழகாகப் பாடினாள்', 'அழகாக இருக்கிறாள்' இரண்டுக்கும் நமக்கு ஒரே 'ஆக'. ஆங்கிலத்தில் பாட்டுக்கு 'பியூட்டிஃபுல்லி', ஆளுக்கு 'பியூட்டிஃபுல்'. வினைச்சொல்லை எடுத்துவிட்டு 'இஸ்' போட்டுப் பாருங்கள். 'சாம்பார் இஸ் நைஸ்' பொருந்துகிறது, ஆகவே பெயரடை. 'சிங்ஸ்' இருந்த இடத்தில் 'இஸ்' போட்டால் பாட்டே போய்விடும், ஆகவே அங்கே வினையடை. 'லுக்' போன்ற சில சொற்கள் இரண்டு பக்கமும் ஆடும். கோபமாகத் தெரிந்தால் 'லுக்ட் ஆங்கிரி', கோபமாக நம்மைப் பார்த்தால் 'லுக்ட் ஆங்கிரிலி'.

கேள்வி: 'ஐ வென்ட் டு ஹோம்' தப்பாமே? ஹோம் பெயர்ச்சொல்தானே அக்கா?

பதில்: அங்கே அது வினையடை. 'வீட்டுக்கு' என்பதன் 'க்கு' அதற்குள்ளேயே இருக்கிறது. 'மை ஹவுஸ்' என்றால் 'டு' வேண்டும்.

கேள்வி: 'மேபி' சேர்த்தா, பிரித்தா?

பதில்: சேர்த்தால் 'ஒருவேளை', வினையடை. அதை எடுத்துவிட்டாலும் வாக்கியம் நிற்கும். பிரித்தால் 'இருக்கலாம்', வினைச்சொல். எடுத்தால் வாக்கியம் படுத்துவிடும். 'எவ்ரிடே'யில் சேர்த்தால் பெயரடை, பிரித்தால்தான் 'தினமும்'.