வாசகர் கேள்வி – பதில்: ரேகை நெளிந்த மரமும் கைவில்லும்

கேள்வி (டெக்சாஸ் வாசகர்): நான் வசிக்கும் ஊரில் பழைய பண்ணை வேலியோரம் வெட்டப்பட்ட ஓசேஜ் ஆரஞ்சு மரத்தின் ஆறடித் துண்டு ஒன்று கிடைத்தது. ஆப்பு வைத்துப் பிளந்தபோது பிளவு நேராகச் செல்லாமல் பாம்பு ஊர்ந்ததைப் போல் இடமும் வலமும் நெளிந்து சென்றது. இதில் வில் செய்தால் உடைந்துவிடுமா? உடையாவிட்டாலும் நேரான மரத்தில் செய்த வில்லின் வேகம் இதற்கு வருமா? நேர்கோடு போட்டு ரம்பத்தால் அறுத்துக்கொள்ளலாமா?

பதில்: ரம்பத்தால் அறுக்க வேண்டாம். உங்கள் மூன்று கேள்விகளில் இதற்குத்தான் முதலில் விடை சொல்ல வேண்டும். மற்ற இரண்டின் விடையும் இதைப் பொறுத்தே அமையும்.

வில்லை இழுக்கும்போது இலக்கை நோக்கிய புறம் நீட்டி இழுபடுகிறது. எய்பவரை நோக்கிய புறம் அமுங்குகிறது. முன்னதை முதுகு என்றும் பின்னதை வயிறு என்றும் வைத்துக்கொள்வோம். முதுகில் உள்ள நார்கள் பிடியிலிருந்து நுனிவரை அறுபடாமல் ஓடினால் இழுவிசையை நார்களே தாங்கிக்கொள்ளும். நெளிந்து ஓடும் நார்களின் மேல் நேர்கோடு போட்டு அறுத்தால், ஒவ்வொரு நெளிவிலும் நார்கள் விளிம்பில் வெட்டுண்டு முடிந்துவிடும்; அந்த இடத்தில் நாருக்கும் நாருக்கும் இடையே உள்ள பிணைப்புதான் விசையைத் தாங்க வேண்டியிருக்கும். அந்தப் பிணைப்பு எவ்வளவு எளிதில் விட்டுப்போகும் என்பதை நீங்கள் ஆப்பு அடித்தபோதே பார்த்திருப்பீர்கள். அமெரிக்க வனத்துறையின் மரப்பொருள் ஆய்வுக்கூடம் வெளியிட்டுள்ள அளவுகளின்படி, 20 அங்குல நீளத்துக்கு ஓர் அங்குலம் ரேகை, அதாவது நார் ஓடும் கோடு, விலகினால் மரத்தின் வளைவு வலிமையில் ஏறத்தாழ 7 சதவீதம் குறைகிறது. 10 அங்குலத்துக்கு ஓர் அங்குலம் என்றால் 19 சதவீதம். 5 அங்குலத்துக்கு ஓர் அங்குலம் என்றால் 45 சதவீதம். மேசைக்காலுக்கு இந்த இழப்பு பொருட்டாகாது. மரத்தை அதன் தாங்கும் எல்லைக்கு மிக அருகில் கொண்டுபோய் வளைக்கும் வில்லுக்கு அப்படியன்று.

ஆகவே நெளிவோடு நெளிவாகவே வில்லை வரைய வேண்டும். பட்டையையும் அதன் அடியில் உள்ள வெளிறிய சாற்றுக்கட்டையையும் நீக்கிவிட்டு, மஞ்சள் நிற வைரக்கட்டையில் தடித்த ஆண்டு வளையம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் மேற்பரப்பு எங்கும் வெட்டுப்படாமல் வில்லின் முழு நீளத்துக்கும் அதையே முதுகாக விட்டுவிடுங்கள். இந்த வேலைக்கு இரு கைகளாலும் பிடித்து இழுக்கும் இழுப்புக்கத்தி ஏற்றது. வளையத்தின் மேல் நார்களின் மெல்லிய கோடுகள் தெரியும். அவற்றின் போக்கிலேயே பென்சிலால் நடுக்கோடு வரைந்து, அதற்கு இருபுறமும் சம அகலம் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு நுனியிலிருந்து மறு நுனிக்கு நூல் பிடித்துப் பாருங்கள். நூல் பிடியின் அகலத்துக்குள் விழுந்தால், இடையில் எத்தனை நெளிவுகள் இருந்தாலும் அந்தக் கட்டையில் வில் இருக்கிறது என்று கொள்ளலாம்.

இனி வேகம். வில்லின் வேகத்தைத் தீர்மானிப்பவை, நுனிப்பகுதிகளின் எடை, வளைவு நீளம் முழுவதும் பரவியிருக்கும் சீர்மை, நாணை அவிழ்த்த பிறகும் மரத்தில் தங்கிவிடும் நிலைத்த வளைவு ஆகியவைதாம். பக்கவாட்டு நெளிவுக்கு இந்தப் பட்டியலில் நேரடி இடமில்லை. மறைமுகமாக அது இரண்டு வழிகளில் நுழையலாம். நெளிவின் முனையில் நாணின் இழுப்பு நடுக்கோட்டிலிருந்து விலகி விழுவதால் மரம் அங்கே சற்று உருள முயலும். அதைத் தடுக்க அந்த இடத்தை ஓரளவு அகலமாக விட வேண்டும். அப்படி விடும் கூடுதல் மரம் பிடிக்கு அருகில் இருந்தால் வேகத்தை ஏறக்குறைய பாதிக்காது. நுனிக்கு அருகில் இருந்தால் ஒவ்வோர் எய்தலிலும் அதையும் சேர்த்துத் தள்ளுவதில் வில்லின் ஆற்றல் செலவாகும். எனவே கட்டையின் நீளத்தில் விட்டுப்பிடிக்க இடமிருந்தால், பெரிய நெளிவு பிடியை ஒட்டி வருமாறு வில்லை அமையுங்கள்.

உங்கள் மரம் ஏன் இப்படி வளர்ந்தது என்பதற்கும் காரணம் உண்டு. டெக்சாஸ், ஓக்லஹோமா, ஆர்கன்சா எல்லைகளையொட்டிய செந்நதி (ரெட் ரிவர்) பகுதி இதன் தாயகம். அங்குள்ள பழங்குடிகள் இதில் வில் செய்ததைக் கண்ட பிரெஞ்சுக்காரர்கள் ‘வில்மரம்’ என்ற பொருளிலேயே இதற்குப் பெயரிட்டார்கள். முள்கம்பி வருவதற்கு முன், 19-ஆம் நூற்றாண்டில், இதை நெருக்கமாக நட்டு, வெட்டி வெட்டி உயிர்வேலியாக வளர்த்தார்கள். அந்த நெருக்கத்திலும் வெட்டிலும் வளர்ந்த மரம் நேராக இருப்பது அரிது. நம் பலாவும் முசுக்கட்டையும் இதன் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதை உங்கள் ஊர் மரத்தின் மீது கூடுதல் பிரியம் வருவதற்காகச் சொல்லி வைக்கிறேன்.

கேள்வி (லண்டன் வாசகர்): போர்ட்ஸ்மவுத் அருங்காட்சியகத்தில் மேரி ரோஸ் கப்பலின் வில்களைப் பார்த்தேன். சிலவற்றில் கணுக்கள் புடைத்துக்கொண்டிருந்தன. அரசனின் போர்க்கப்பலுக்குக்கூடச் சுத்தமான மரம் கிடைக்கவில்லையா?

பதில்: நல்ல மரத்துக்குப் பஞ்சம் இருந்தது உண்மை. இங்கிலாந்துத் துறைமுகங்களுக்கு வரும் வணிகர்கள் ஒவ்வொரு டன் சரக்குக்கும் நான்கு வில்கட்டைகள் கொண்டுவர வேண்டும் என்று 1472-இல் சட்டமே இயற்றப்பட்டது. ஆனால் நீங்கள் பார்த்த புடைப்பு மட்டமான மரத்தின் அடையாளமன்று. தேர்ந்த கையின் அடையாளம். 1545-இல் மூழ்கி 1982-இல் வெளியே தூக்கப்பட்ட அந்தக் கப்பலிலிருந்து கிடைத்த 130-க்கும் மேற்பட்ட முழு வில்கள் யூ மரத்தால் ஆனவை. கணுவைச் சுற்றி நார்கள், கல்லைச் சுற்றி ஓடும் நீரைப் போல, விலகிச் சென்று மீண்டும் கூடுகின்றன. அழகுக்காகக் கணுவை மட்டமாக இழைத்தால், விலகி ஓடும் அந்த நார்கள் அனைத்தும் வெட்டுப்படும். அதைத் தவிர்க்கவே அந்தக் கைவினைஞர்கள் கணுவின் மேல் சிறிது மரத்தை மேடாக விட்டுவைத்தார்கள்.

ரேகை மேலும் கீழுமாக அலையடிக்கும் மரத்துக்கும் இதே நியதிதான். முதுகு அலையடித்தால் வயிறும் அதே அலையைப் பின்பற்ற வேண்டும். பலர் முதுகை ஒழுங்காக விட்டுவிட்டு, வயிற்றைக் கண்ணுக்கு நேராக இழைத்துவிடுகிறார்கள்; அப்போது அலையின் பள்ளங்களில் மரம் மெலிந்துபோகிறது. மரத்தின் விறைப்பு தடிமனின் மூன்றாம் அடுக்கைப் பொறுத்தது. தடிமன் 10 சதவீதம் குறைந்தால் விறைப்பு 27 சதவீதம் குறையும். அந்த இடம் கீல் போல மடிந்து, வில்லின் வேலை முழுவதும் அங்கேயே குவியும். அலைமரத்தில் கண்ணை நம்பாமல் விரலிடுக்கிலோ அளவுகோலிலோ தடிமனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தே செதுக்க வேண்டும்.

கேள்வி (டொராண்டோ வாசகர்): கடையில் விற்கும் ஹிக்கரிப் பலகையில் வில் செய்ய விரும்புகிறேன். ரேகை நேரானதா என்று எப்படி அறிவது?

பதில்: பலகையின் பக்கவிளிம்பையும் அகலமான முகத்தையும் தனித்தனியே பாருங்கள். இரண்டிலும் கோடுகள் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை விளிம்பைத் தாண்டாமல் ஓட வேண்டும். முகத்தில் கூம்பு கூம்பாகத் தெரியும் பலகையில் வளையங்கள் வெட்டுப்பட்டிருக்கின்றன, அதை விட்டுவிடுங்கள். வளையக் கோடு நேராக இருந்தும் நார் முறுக்கிச் செல்வதுண்டு. ஐயமிருந்தால் ஒரு துளி மையை வைத்துப் பாருங்கள். மை நார் ஓடும் திசையிலேயே கசியும். காய்ந்த பலகையில் மயிரிழை வெடிப்பு இருந்தால் அதுவும் அதே திசையைக் காட்டும். முதுகில் துணியோ பதப்படுத்தாத தோலோ ஒட்டுவது சிராய் கிளம்புவதைத் தாமதப்படுத்தும். குறுக்கே வெட்டுப்பட்ட நாரை அது ஒன்றாக்காது.

கேள்வி (அதே வாசகர்): நான் செய்துவரும் வில்லின் மேல் பாதி முறுக்கிக்கொண்டு நிற்கிறது. விட்டுவிடலாமா?

பதில்: நாணேற்றிப் பாருங்கள். நாண் வில்லின் நடுவே படிந்து, இழுக்கும்போதும் அங்கேயே நின்றால் முறுக்கை அப்படியே விடலாம். நாண் ஒரு பக்கமாகச் சரிந்தால் அம்பும் பக்கவாட்டில் விலகும். நாணை மாட்டும் நுனி வெட்டான குதையிலிருந்து நாண் நழுவவும் கூடும். அந்நிலையில் ஓர் அங்குலத் தடிமனுக்கு ஒரு மணி நேரம் என்ற கணக்கில் அந்தப் பகுதியை நீராவியில் வைத்து, சூடு தணியுமுன் எதிர்ப்புறமாக, வேண்டியதைவிடச் சற்றே கூடுதலாகத் திருகி, இறுக்கியில் பூட்டி ஆறவிடுங்கள். நீராவி மரத்துக்குள் ஈரத்தை ஏற்றியிருக்கும். ஈரமரத்தை வளைத்தால் அந்த வளைவு தங்கிவிடும். ஆகையால் வில்லைத் தராசில் நிறுத்துக் குறித்துவைத்து, எடை குறைவது நின்ற பிறகே மீண்டும் நாணேற்றுங்கள்.