நாலு லட்சம் கட்டினால் மகனைச் சாகும்வரை பார்ப்பார்களா?

இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். வயது 59, கணவர் இல்லை. 31 வயது மகனுக்குப் பிறவியிலிருந்தே அறிவு வளர்ச்சிக் குறைபாடு, வலிப்பும் உண்டு. சொன்னால் குளிப்பான், தானாகச் சாப்பிடுவான், தனியே கடைக்குப் போய்வரத் தெரியாது. மகள் கல்யாணம் கட்டி ஹட்டனில் இருக்கிறாள். போன மாதம் ஒருவர் லயத்துக்கே (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) வந்து, கொழும்புப் பக்கம் ஓர் இல்லம் இருப்பதாகவும் சேமலாபக் காசில் (வேலைக்கால வைப்பு நிதி) நாலு லட்சம் கட்டினால் மகனைச் சாகும்வரை அங்கே பார்ப்பார்கள் என்றும் சொல்லியிருக்கிறார். அதற்குக் கோர்ட் கடதாசி வேண்டுமாம், அறுபதாயிரம் கொடுத்தால் அதையும் அவரே எடுத்துத் தருவாராம். "நான் கண்ணை மூடினா இவனுக்கு யாரு இருக்கா? கொடுக்கவா, வேண்டாமா?" என்பதுதான் தாயின் கேள்வி.

கொடுக்காதீர்கள் அம்மா. அந்த ஆள் திரும்ப வந்தால் மகனுடைய பிறப்புச் சான்றிதழையோ உங்கள் அடையாள அட்டையையோ அவர் கையில் கொடுக்க வேண்டாம். எழுதாத தாளில் கையெழுத்தும் போட வேண்டாம்.

மொத்தமாகக் காசு வாங்கிக்கொண்டு ஒருவரை ஆயுள் முழுக்கப் பார்ப்பதாக எந்த இல்லமும் உறுதியாகச் சொல்ல முடியாது. உங்கள் மகன் இன்னும் முப்பது வருடம் நன்றாக வாழக்கூடியவன். அந்த நாலு லட்சம் முப்பது வருடச் சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் ஆள் கூலிக்கும் எப்படிக் காணும்? காசு அவர்கள் கைக்குப் போன பிறகு உங்கள் பேச்சுக்கு அங்கே மதிப்பிருக்காது. மாதா மாதம் கட்டும் இடமென்றால், கவனிப்பு சரியில்லாதபோது நிறுத்திவிட்டுப் பிள்ளையைக் கூட்டிவர முடியும். தோட்டத்தில் யாருக்குச் சேமலாபம் வந்திருக்கிறது, யார் வீட்டில் இப்படிப் பிள்ளை இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டு வருகிற தரகர்கள் இருக்கிறார்கள். தோட்டத் தலைவருக்குத் தெரிந்தவர், கோயில் கமிட்டிக்குத் தெரிந்தவர் என்று பேச்சை ஆரம்பிப்பார்கள். சிலர் பிள்ளையின் படத்தைக் காட்டி வெளிநாட்டில் நன்கொடை வாங்குகிறார்கள். இன்னும் சிலர் இல்லம் என்று கூட்டிப்போய் வீட்டு வேலைக்கு விட்டுவிடுகிறார்கள். காசு கேட்பவர் இல்லத்தின் ஆளாக இல்லாமல் நடுவில் நிற்பவராக இருந்தால், அவரோடு பேசவே வேண்டாம். இல்லம் உண்மையாகவே நல்லதென்றால் நீங்கள் நேரே போய் விசாரிக்கலாமே, இவர் எதற்கு?

கோர்ட் கடதாசி பற்றி அவர் சொன்னதும் உங்களைப் பயமுறுத்தத்தான். பெரும்பாலான குடும்பங்களுக்கு அது தேவைப்படாது. ஆனால் ஓர் இடத்தில் தேவைப்படும். அதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். 18 வயது தாண்டிய பிறகு சட்டப்படி உங்கள் மகன் பெரியவன். பெற்ற தாய் என்பதற்காக மட்டும் அவன் பெயரிலுள்ள சொத்தை விற்கவோ பெரிய தொகையை எடுக்கவோ உங்களால் முடியாது. அவன் பெயரில் காணி உறுதி (பத்திரம்) எழுதப்பட்டிருந்தாலோ, தகப்பனுடைய சேமலாபத்தில் ஒரு பங்கு அவனுக்கு வரவேண்டியிருந்தாலோ, மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். வைத்தியச் சான்றைப் பார்த்து, விசாரணை நடத்தி, அவனுடைய சொத்தைப் பார்க்க ஒருவரை நீதிமன்றம் நியமிக்கும். குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தில் உள்ள வழி இது. அப்படி ஒரு சொத்தும் அவன் பெயரில் இல்லையென்றால் நீதிமன்றப் படியேற வேண்டியதில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் மாதக் கொடுப்பனவை அவனுக்காக நீங்கள் வாங்குவதற்கான ஒழுங்கைப் பிரதேச செயலகத்திலேயே கேட்கலாம். மனுப் போடத்தான் வேண்டியிருந்தால், வருமானம் குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இலவசமாக ஆஜராகும். அறுபதாயிரம் வேண்டாம்.

இதிலிருந்தே இன்னொரு விஷயமும் வருகிறது. தோட்ட வீடமைப்புத் திட்டத்தில் காணியோடு தனி வீடு கிடைத்தால், பாசத்தில் அதை மகன் பெயரிலேயே எழுதிவிடாதீர்கள். நம்பிக்கையான ஒருவரின் பொறுப்பில், அவன் வாழும்வரை அங்கே இருக்கலாம் என்று எழுத வழியுண்டு. லயத்து அறையை யாருக்கும் எழுதி வைக்க முடியாது, அது உங்களுடையதாக இருந்ததே இல்லை. பரம்பரையாக அதே அறையில் வாழ்ந்தவர்களுக்கு இன்னும் இந்த நிலை என்பதை எழுதக் கோபம்தான் வருகிறது. உங்கள் காசு யாருக்கு, எதற்கு என்று இறுதி விருப்பாவணம் (உயில்) எழுதுங்கள். நொத்தாரிசும் (உறுதி எழுதும் சட்டத்தரணி) இரண்டு சாட்சிகளும் போதும். நொத்தாரிசு இல்லாவிட்டால் ஐந்து சாட்சிகள் வேண்டும். வங்கிக் கணக்குக்கு மகளை நியமனதாரியாகப் போடுங்கள்.

சரி, இல்லமே வேண்டாமா? அப்படிச் சொல்லமாட்டேன். உங்களுக்கு உடம்பு முடியாமல் போய், மகளாலும் முடியாத நாள் வரலாம். அப்போது போகும் இடத்தை இப்போதே நீங்கள் நடந்து பார்த்துத் தேடுங்கள். மாகாண சமூக சேவைத் திணைக்களத்தில் பதிவான இடமா என்று உங்கள் பிரதேச செயலகத்துச் சமூக சேவை உத்தியோகத்தரிடம் கேளுங்கள். சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழை மட்டும் நம்பவேண்டாம். சொல்லாமல் கொள்ளாமல் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் போங்கள். கக்கூசைப் பாருங்கள். ஒவ்வொருவருக்கும் சொந்த உடுப்பு இருக்கிறதா, இரவில் எத்தனை பேர் கண்விழிக்கிறார்கள், கதவை வெளியிலிருந்து பூட்டுகிறார்களா, எல்லாரும் தூக்க மருந்து குடித்தவர்கள்போல் கிடக்கிறார்களா என்று பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாகப் பார்க்க வேண்டியது, அங்கே தமிழ் பேசுகிறவர் இருக்கிறாரா என்பது. உங்கள் மகனுக்குத் தெரிந்த சொற்கள் நூறோ இருநூறோ இருக்கலாம். தண்ணி, பசி, வயித்து வலி, பயமா இருக்கு என்பதெல்லாம் அதற்குள்தான். அந்தச் சொற்கள் யாருக்கும் புரியாத இடத்தில் விட்டால், சில மாதத்தில் பேச்சையே விட்டுவிடுவான். பிறகு வயிற்றுவலியில் அவன் கத்தினால் "முரட்டுத்தனம்" என்று மருந்து கொடுத்து அடக்குவார்கள். சுத்தமான கட்டடம், அன்பான ஆட்கள், எல்லாம் இருந்தும் இது நடக்கிறது. மலையகத் தமிழ்ப் பிள்ளைகள் வளர்ந்த பிறகு, அவர்கள் மொழியிலேயே நிரந்தரமாகப் பராமரிக்கும் இடங்கள் மிகக் குறைவு. 2016இல் இலங்கை மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. சமவாயத்தை ஏற்று உறுதிசெய்தது. ஊர்ச் சனத்தோடு சேர்ந்து வாழ அவர்களுக்கு உரிமை உண்டு என்று அதில் எழுதியிருக்கிறது. அந்த எழுத்து இன்னும் லயத்துக்கு வந்து சேரவில்லை.

இன்னும் இரண்டு குழப்பங்களைத் தீர்த்துவிடுகிறேன். சீதுவை, வத்தேகம போன்ற அரச பயிற்சி நிலையங்களில் தங்கித் தொழில் பழகலாம், ஆனால் பயிற்சி முடிந்ததும் வீட்டுக்குத்தான் அனுப்புவார்கள். மனநல வைத்தியசாலை நோய்க்கு மருந்து செய்யும் இடம். உங்கள் மகனுக்கு இருப்பது மனநோய் இல்லை, அவனை அங்கே கொண்டுபோய் விடச் சொல்கிறவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

வலிப்பு மருந்தை ஒரு நாளும் நிறுத்தக்கூடாது. திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். இடம் மாறும்போது பலருக்கு முதலில் தொலைவது கிளினிக் கொப்பிதான். அதை இரண்டு பிரதி எடுத்து ஒன்றை மகளிடம் கொடுங்கள். மாதத்தில் ஒரு சனி ஞாயிறு மகனை ஹட்டனில் தங்க வையுங்கள். அவனுக்கு அந்த வீடு பழகும், மருமகனுக்கும் அவனைப் பழகும். எனக்குப் பிறகு பார்த்துக்கொள் என்று மகளிடம் மொத்தமாகச் சுமத்தினால் அந்தப் பிள்ளை பயந்துதான் போகும். எந்த வேலையை அவளால் செய்ய முடியும், எதை முடியாது என்று வாய் திறந்து பேசுங்கள். நுவரெலியாவில் 1988 முதல் மாற்றுத்திறனாளிகளுக்காக இயங்கும் தொண்டு நிறுவனமான மென்கஃபெப் போன்ற இடங்களிலும் ஆலோசனை கேட்கலாம்.

முதல் வேலையாக மகனுக்கு அடையாள அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். எங்கே போகப்போகிறான் என்று பல வீடுகளில் எடுக்காமலே விட்டிருப்பார்கள். அது இல்லாமல் மாற்றுத்திறனாளிகளுக்கான மாதக் கொடுப்பனவுக்கு விண்ணப்பிக்க முடியாது. 2025இல் அது 7,500 ரூபாயிலிருந்து 10,000 ஆனது. ஓர் ஆளின் முழுநேரப் பராமரிப்புக்கு அது எந்த மூலைக்கும் போதாது, ஆனாலும் அவனுக்குரிய காசு. தோட்டத்தில் இருப்பவர்களின் அடையாள அட்டை விண்ணப்பத்தை உறுதிப்படுத்துவது தோட்ட நிர்வாகம். ஆகவே பிறப்புச் சான்றிதழோடு தோட்ட ஆபீசுக்குப் போங்கள், அப்புறம் கிராம உத்தியோகத்தரிடமும் செயலகத்துக்கும். படிவம் சிங்களத்தில் மட்டும் இருந்தால் தமிழில் கேளுங்கள், அது உங்கள் உரிமை. நிரப்பித் தருகிறேன் என்று வாசலில் நின்று முதல் மாதக் காசில் பங்கு கேட்பவரிடம் போகாதீர்கள். மகளையே கூட்டிப்போய் நிரப்பச் சொல்லுங்கள்.